சங்கிலிக் கணக்கும் நிலப் பாத்தியதையும்

(திருச்சி புத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிலம். நிலம் யாருடையது, அதை எழுதி வைக்கிறவன் யார், எழுதியதைக் காப்பாற்றப் புதிதாக வந்திருக்கும் யந்திரம் எப்படிப்பட்டது, அதற்குப் பொதுப்பணத்தைக் கொட்டலாமா என்பதைப் பற்றிச் சொல்லப் போகிறோம். இதற்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கடைசி வரையில் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்களே தீர்மானம் செய்து கொள்ளலாம்.

2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் பீகார் ராஜ்யத்துப் பத்திரப்பதிவு வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னார்கள். இந்நாட்டு சிவில் வியாஜ்யங்களில் சுமார் 66 சதவிகிதம் சொத்துத் தகராறுகளே என்று அதில் எடுத்துக் காட்டி, பிளாக்செயின் என்னும் முறையை நிலப் பதிவுக்குக் கொண்டுவரலாமா என்று ஆராயும்படி சட்டக் கமிஷனைக் கேட்டுக் கொண்டார்கள். நம் தமிழ்நாட்டு சர்க்காரோ அதற்கு முன்னமே, 2020-ல், இம்முறைக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. "நம்பிக்கை இணையம்" என்று ஓர் அமைப்பும் ஏற்பட்டிருக்கிறது. நம்பிக்கை என்ற வார்த்தையைக் கேட்டாலே "எதன் பேரில் நம்பிக்கை?" என்று கேட்பது நம் வழக்கம். அதையே இங்கும் கேட்போம்.

முதலில் அந்தச் சங்கதி இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். தெரியாமல் புகழ்வதும் தப்பு. தெரியாமல் இகழ்வதும் தப்பு.

ஓர் ஊர்க் கணக்குப் புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுதி முடிந்ததும், அந்தப் பக்கத்தில் உள்ள எழுத்து அவ்வளவையும் வைத்துக் கணக்கிட்டு ஓர் அடையாள எண்ணை அடியில் போடுகிறார்கள். அந்த எண்ணையே அடுத்த பக்கத்தின் தலையிலும் எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுகிறார்கள். இப்படியே ஒவ்வொரு பக்கமும் முன் பக்கத்தோடு சங்கிலிக் கண்ணி போல் கோத்துக் கொண்டு போகிறது. இந்தப் புத்தகத்துக்கு ஒரு பிரதி அல்ல, பல பிரதிகள். உறையூரில் ஒன்று, லால்குடியில் ஒன்று, மணப்பாறையில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறகு ஒருவன் இரவோடு இரவாக நடுப்பக்கத்தில் "முத்தன்" என்பதை அழித்துவிட்டுக் "குப்பன்" என்று எழுதினால், அப்பக்கத்து எண் மாறிவிடும்; அடுத்த பக்கத்தோடு ஒட்டாது; மற்ற ஊர்ப் பிரதிகளோடும் ஒட்டாது. திருட்டு உடனே வெளிப்பட்டுவிடும். இதைக் கம்ப்யூட்டர் மூலம் செய்வதுதான் பிளாக்செயின். நம் பாஷையில் சங்கிலிக் கணக்கு என்று சொல்லுவோம்.

இது நல்ல காரியந்தான். இதில் நமக்குச் சந்தேகமில்லை. பத்திர ஆபீசில் பக்கத்தைக் கிழிப்பதும், மையை மாற்றுவதும், தஸ்தாவேஜு காணாமற் போவதும் இந்நாட்டில் நடவாத காரியங்களா? அப்படிப்பட்ட திருட்டை ஒரு யந்திரம் தடுக்குமானால் அதை நாம் இரு கை நீட்டி வரவேற்க வேண்டும். புது யந்திரம் என்பதற்காக அதை வெறுக்கிற கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்கள் அல்ல.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எழுதின பிறகு மாற்றாமல் காப்பாற்றுகிற வேலையை அந்தச் சங்கிலி செய்யும். எழுதியது நிஜமா பொய்யா என்று அதற்குத் தெரியுமா? தெரியாது. உள்ளே நெல்லைக் கொட்டினால் நெல்லைக் காக்கும். பதரைக் கொட்டினால் பதரைக் காக்கும். குதிருக்குள் இருப்பது என்னவென்று பாராமல், குதிருக்கு வெள்ளிப் பூட்டு வாங்கப் பணம் வசூலிக்கிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

மாற்ற முடியாத எழுத்து என்பது நமக்குப் புதிதும் அல்ல. ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ நாடு முழுவதும் இப்படியே. இன்ன நிலத்துக்கு இன்ன எல்லை, இன்னாருக்குத் தானம், சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். யாரும் அழிக்க முடியாது, எல்லாரும் பார்க்கலாம், ஆயிரம் வருஷமாக ஓர் எழுத்தும் மாறவில்லை. இதைவிட உறுதியான சங்கிலிக் கணக்கு வேறு உண்டா? ஆனால் அதில் எழுதியிருப்பது என்ன? பிரமதேயம் என்று பிராமணருக்குக் கொடுத்ததும், தேவதானம் என்று கோயிலுக்குக் கொடுத்ததும் அளவு தவறாமல் இருக்கிறது. அந்தச் சேற்றில் இறங்கி உழுது நட்டு அறுத்தவனுக்கு அதில் என்ன பாத்தியதை எழுதியிருக்கிறது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவன் குடியிருந்த இடம் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று வருகிறது. கல் பொய் சொல்லவில்லை. கல்லில் எழுதச் சொன்னவன் யாரோ, அவனுக்கு வேண்டியதை மாத்திரம் கல் சொல்லுகிறது. எழுத்து அழியாமல் இருப்பது வேறு. எழுத்து நியாயமாய் இருப்பது வேறு. இதை மறந்துவிடக் கூடாது.

கல் போய்க் காகிதம் வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயத்துவாரி செட்டில்மெண்டு வந்து, நிலத்தை அளந்து எண் போட்டார்கள். கிராமத்தில் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். பரம்பரையாகச் சில குடும்பங்களின் கையிலேயே அந்த எழுத்தாணி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நிலம் எவ்வளவு என்பது அவன் உழைப்பில் இல்லை, கர்ணத்தின் மைக்கூட்டில் இருந்தது. 1980-ல்தான் தமிழ்நாட்டில் அந்தக் கிராம அதிகாரி உத்தியோகங்களை ஒழித்து, பிறகு பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்களை வைத்தார்கள். 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்றால் கிராமத்தார் எல்லோருக்கும் தெரியும். பெயர்களைப் புதுப்பிக்க வந்த அத்திட்டத்தில் அண்ணன் நிலம் தம்பி பெயரிலும், விற்றவன் நிலம் விற்றவன் பெயரிலுமே ஏறிவிட்ட பிழைகள் அநேகம். அப்பிழையைத் திருத்த இன்றைக்கும் மனுவைத் தூக்கிக் கொண்டு தாலூகா ஆபீசுக்கும் கோட்டாட்சியர் ஆபீசுக்கும் நடக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

நிற்க. நம் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி சப்-ரிஜிஸ்திரார் பதிவது பத்திரத்தைத்தான், பாத்தியதையை அல்ல. "நான் இவருக்கு இந்த நிலத்தை விற்றேன்" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தான் என்பதற்கு அது சாட்சி. விற்றவனுக்கு அந்த நிலம் சொந்தமா என்பதற்கு அது சாட்சியாகாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சுப்ரீம் கோர்ட்டார் இதை உறுதி செய்து, விற்பவன் முன்பத்திரம் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்றிருந்த நம் ராஜ்யத்து 55-ஏ விதியைச் செல்லாதென்று தள்ளிவிட்டார்கள். பட்டாவோ தாசில்தார் கொடுப்பது. அது தீர்வை கட்டுவதற்குக் கணக்கே தவிர, அதை மாத்திரம் வைத்துச் சொந்தம் ஸ்தாபிக்க முடியாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன. புலப்படம் சர்வே இலாகாவில் இருக்கிறது. ஆகப் பத்திரம் ஓரிடம், பட்டா ஓரிடம், படம் ஓரிடம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்கள் எத்தனையோ. இப்போது சொல்லுங்கள்: எந்தக் கணக்கைச் சங்கிலியில் கோப்பது? மூன்றையும் அப்படியே கோத்தால் மூன்று பொய்யும் சிரஞ்சீவியாகிவிடும்.

நம் ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். வீட்டைக் கட்டியவர்கள், வரி கட்டுகிறவர்கள், கையில் பத்திரம் வைத்திருக்கிறவர்கள். ஆனால் அடிமனை கோயிலுடையது என்று கோயில் நிர்வாகம் சொல்லுகிறது. அதனால் விற்கவும் அடகு வைக்கவும் பத்திரம் பதிய முடியாமல் பல வருஷமாகத் திண்டாடி வந்திருக்கிறார்கள். தேர்தல்தோறும் இது ஒரு வாக்குறுதி. பக்கத்திலே திருச்செந்துறையில் 2022-ல் என்ன நடந்தது? நிலம் விற்கப் போன ஒருவரிடம் வக்பு போர்டாரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா என்றார்கள். ஊர் முழுவதும் திகைத்துப் போயிற்று. கோயில் சொத்தானாலும் வக்பு சொத்தானாலும் அது பொதுச் சொத்து. பெரிய மனிதர்கள் அதை விழுங்காமல் காப்பாற்ற வேண்டியதும் அவசியந்தான். ஆனால் எது அதன் சொத்து, எது குடியானவன் சொத்து என்பதைப் பழைய ஏடுகளையும் இனாம் ஒழிப்புச் சட்டங்களையும் வைத்துக் கொண்டு மனிதர்கள்தான் விசாரித்து முடிவு கட்டவேண்டும். எந்தச் சங்கிலியும் அந்த விசாரணையைச் செய்யாது.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று. 1891-ல் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த திரமென்கீர் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892-ல் அவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவாயிற்று. அதுதான் பஞ்சமி நிலம். ராஜதானி முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. பிறகும் அவர்கள் வகுப்பாருக்கே அன்றி மற்றவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும் பகுதி யார் கையில் இருக்கிறது? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் மாறிப்போய், பட்டாவிலும் வேறு பெயர் ஏறிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டு 1994-ல் செங்கற்பட்டில் நடந்த கிளர்ச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். இப்போது, இன்றைய பட்டாவே உண்மை என்று வைத்து அதைப் பூட்டிச் சாவியை எறிந்துவிட்டால் யாருக்கு லாபம்? அபகரித்தவன் நேற்றுவரை "யாராவது கேட்டுவிடுவானோ" என்று பயந்து கொண்டிருந்தான். நாளை முதல் "யந்திரமே சொல்லுகிறது, நிலம் என்னுடையது" என்று மார்தட்டுவான். அன்று சாஸ்திரம் சொல்லுகிறது என்றார்கள். இனி யந்திரம் சொல்லுகிறது என்பார்கள். நாம் ஏமாறுவது மாத்திரம் மாறாது.

பெண்கள் விஷயம் அதைவிட மோசம். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டிலேயே பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தோம். அறுபது வருஷம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. சட்டம் வந்தது; பட்டாவில் பெயர் வந்ததா? தகப்பன் செத்த பதினாறாம் நாளே அண்ணன் தம்பிகள் சகோதரியை அழைத்து வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கொள்ளுகிறார்கள். என்ன அழகான பெயர் பாருங்கள், விடுதலைப் பத்திரம்! அவளுடைய பங்கிலிருந்து அவளுக்கு விடுதலை! குத்தகைக்கு உழுகிறவன் கதையும் இதுவே. 1969-ல் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் செய்தார்கள். காவேரிப் பாசனத்தில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் மிராசுதாரர் நிலத்தையும் உழுகிறவர்களில் எத்தனை பேர் தைரியமாகப் போய்ப் பெயரைப் பதிந்து கொண்டார்கள்? பதிந்தால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற பயம். ஏட்டில் பெயர் இல்லாதவனுக்கு ஏடு எவ்வளவு கெட்டியாயிருந்தால் என்ன?

இனி வெளிநாடுகளில் நடந்ததைப் பார்ப்போம். மத்திய அமெரிக்காவிலே ஹோண்டுராஸ் என்று ஓர் ஏழை நாடு. அங்கே அதிகாரிகள் பதிவேட்டுக்குள் புகுந்து கடற்கரை நிலங்களைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொண்டார்கள் என்று புகார் இருந்தது. 2015-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனி சங்கிலிக் கணக்கு ஏற்படுத்தப் போவதாக உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அந்த வருஷம் முடியுமுன்பே காரியம் நின்று போயிற்று.

கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியா என்று மற்றொரு சிறு நாடு. முன்பு சோவியத் ருஷியாவோடு சேர்ந்திருந்தது. அங்கே 2016-ல் ஆரம்பித்த காரியம் நடந்தது. சில வருஷங்களில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைச் சங்கிலியில் அடையாளமிட்டார்கள். ஏன் அங்கே நடந்தது, இங்கே நின்றது? ஜார்ஜியாவில் 2004-லேயே லஞ்சம் புரையோடியிருந்த பழைய பதிவு ஆபீசைக் கலைத்துவிட்டு, புதிதாக ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தி, பதிவு முறையைச் சுருக்கிச் சுத்தம் செய்தார்கள். பன்னிரண்டு வருஷம் வீட்டைப் பெருக்கின பிறகு பூட்டுப் போட்டார்கள்.

நமக்கு அடுத்த ஆந்திராவில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. அமராவதியில் தலைநகரம் கட்ட 2015-ல் குடியானவர்களிடமிருந்து 33,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். நிலத்துக்குப் பதில் நகரத்தில் மனை தருவதாக வாக்களித்தார்கள். அந்த நிலக் கணக்கைச் சங்கிலியில் ஏற்றப் போவதாகவும் 2017 முதல் பெருமையாகப் பேசினார்கள். 2019-ல் சர்க்கார் மாறிற்று. தலைநகரம் ஒன்றல்ல, மூன்று என்றார்கள். கட்டடங்கள் பாதியில் நின்றன. நிலம் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். 2024-ல் மறுபடி சர்க்கார் மாறின பிறகே வேலை தொடங்கிற்று. சீட்டை அழியாமல் வைக்க வழி கண்டார்கள். கொடுத்த வாக்கை அழியாமல் வைக்க எந்த யந்திரம் இருக்கிறது?

இப்படிச் சொல்வதால் பணமே செலவிடக் கூடாது என்பது நம் அபிப்பிராயம் அல்ல. எதற்கு முதலில் செலவிடுவது என்பதே கேள்வி. மத்திய சர்க்கார் நிலக் கணக்கை நவீனமாக்க 2008-ல் ஆரம்பித்த திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை ஐந்து வருஷத்துக்கு ஒதுக்கியது 875 கோடி ரூபாய். இந்தியா முழுவதற்கும் இவ்வளவே. இதிலே பூட்டுக்கு எவ்வளவு, அளவுக்கு எவ்வளவு? பூட்டு என்றால் மகாநாடு கூட்டலாம், படம் பிடிக்கலாம், கம்பெனிகள் ஓடி வரும். சர்வேயர் வெயிலில் சங்கிலி பிடித்து நிற்பதை யார் படம் பிடிக்கிறார்கள்? ஆனால் நமக்கு முதலில் வேண்டிய சங்கிலி அந்த அளவுச் சங்கிலிதான்.

ஆகவே நாம் சொல்லும் வரிசை இதுதான். முதலாவது, முன்னறிவிப்புக் கொடுத்து, அண்டை நிலத்துக்காரரை வைத்துக் கொண்டு, நிலத்தை மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது, அளந்ததையும் பெயர்களையும் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். சேரித் தெருவிலும் படிக்க வேண்டும். மூன்றாவது, பெண் வாரிசு, குத்தகைக்கு உழுகிறவன், பஞ்சமி நிலத்தின் பழைய பாத்தியதை மூன்றையும் கணக்கில் தனிப் பத்தியாக எழுத வேண்டும். நான்காவது, பத்திரம், பட்டா, படம் மூன்றையும் ஒரே கணக்காக்க வேண்டும். ஐந்தாவது, பிழையென்று சொல்லுகிறவன் வக்கீலில்லாமல் போய்க் கேட்க ஒரு விசாரணை மன்றமும், அதற்குக் கெடுவும் வேண்டும். ஆறாவது, சர்க்கார் கணக்கை நம்பி ஒருவன் நஷ்டப்பட்டால் சர்க்காரே ஈடு கொடுக்க வேண்டும். இது ஆகாத காரியம் அல்ல. தென் ஆஸ்திரேலியாவில் 1858-லேயே டாரன்ஸ் என்பவர் சர்க்கார் உத்தரவாதத்தோடு பாத்தியதையையே பதிவு செய்யும் முறையைக் கொண்டு வந்தார். அதற்குச் சங்கிலிக் கணக்கு வேண்டியிருக்கவில்லை; பொறுப்பேற்கிற சர்க்கார் வேண்டியிருந்தது. இவ்வளவும் ஆன பிறகு ஏழாவதாகச் சங்கிலியைப் பூட்டுங்கள். நாமே வந்து கைதட்டுகிறோம்.

"இப்படியெல்லாம் காத்திருந்தால் நூறு வருஷமாகும்; அதற்குள் திருடன் கொண்டு போய்விடுவானே" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு நம் பதில்: இனிமேல் புதிதாகப் பதியும் பத்திரங்களை இன்றைக்கே சங்கிலியில் கோத்துவிடுங்கள், இன்ன தேதியில் இன்னார் இன்னது எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது அழியாத சாட்சியாய் இருக்கட்டும். ஆனால் அதைப் பாத்தியதைக்குச் சாட்சி என்று சொல்லாதீர்கள். "தவறிருந்தால் புதுப் பக்கம் சேர்த்துத் திருத்திக் கொள்ளலாமே" என்றும் சொல்லுவார்கள். மெய்தான். ஆனால் அந்தப் புதுப் பக்கத்தைச் சேர்க்க உத்தரவிடுவது யார்? மோசடிப் பத்திரத்தை ஜில்லா ரிஜிஸ்திராரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் நம் ராஜ்யத்தில் 77-ஏ என்ற பிரிவைக் கொண்டு வந்தார்கள். 2024-ல் சென்னை ஹைகோர்ட்டார் அது செல்லாது என்றார்கள். இன்று ஏழை, மோசடியை நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். திருத்தும் வழியைத் திறக்காமல் பூட்டுகிற வழியை மாத்திரம் கெட்டிப்படுத்துவது பலசாலிக்குச் செய்யும் உபகாரமே ஒழிய வேறில்லை.

தோழர்களே! ஒரு எழுத்து பழையது என்பதற்காக நாம் அதை ஒப்புக் கொண்டதில்லை. கல்லில் இருக்கிறது என்பதற்காகவும் ஒப்புக் கொண்டதில்லை. எழுதியவன் யார், யாருக்காக எழுதினான், எழுதும்போது நம்மைக் கேட்டானா என்றுதான் கேட்டு வந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துக்கும் அதே கேள்விதான். ஆராய்ச்சிக்கு அடங்காத எழுத்து எந்த உருவத்தில் வந்தாலும், அது நமக்குப் பழைய விலங்கின் புதுக் கண்ணியே.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பட்டாவையும், பத்திரத்தையும், வில்லங்கச் சான்றையும், புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே அளவு இருக்கிறதா? உங்கள் மனைவி, மகள், தங்கை பெயர் எங்காவது இருக்கிறதா? இல்லையானால், பூட்டு வருமுன் மனுவைப் போடுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று, "பூட்டுக்கு முன்னே அளவு எங்கே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எல்லா ஊரிலும் கேட்டால், பிறகு வரும் சங்கிலி நிலத்தைக் காக்கும்; இல்லையானால் நம்மைக் கட்டும்.